பத்துக்கு எத்தனை

தப்பு அவளுடையதுதான். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டவள் அவள். ஒரு மனுசன் வாயைத் திறந்து முதலில் சொல்கிற எண்ணை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொள்வார்களா யாராவது, எந்தச் சந்தையில் அடுக்கும் இது, அஞ்சு என்றால் அஞ்சா, கொஞ்சம் உதட்டைப் பிதுக்க வேண்டாமா, ‘அதெல்லாம் இல்லீங்க, பாத்துச் சொல்லுங்க’ என்று ஒரு வார்த்தை இழுத்துப் பார்க்க வேண்டாமா. படித்தவளாம். அதுவும் மனசைப் பற்றிப் படித்தவளாம். மாரப்பன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இரும்புத் தாங்கியில் மாட்டியிருந்த டேப்பை, வீடியோவில் பேசுகிற அந்தக் கண்ணாடிப் பலகையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். சனிக்கிழமையிலிருந்து அது கறுப்பாகத்தான் கிடக்கிறது. இன்றைக்குச் செவ்வாய். மணி பத்து நாற்பது. போன வெள்ளி வரைக்கும் காலை பதினொன்று ஆனால் அதில் அவள் முகம் வந்துவிடும், தனி அறையில் அடைத்துப் போட்ட நோயாளிகளுக்குப் பயம் தெளியட்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏற்பாடு செய்த முகம், சென்னையில் எங்கேயோ ஒரு வீட்டில் பச்சைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற முகம். இருபது நிமிஷம். நாற்பத்து மூன்று நாளாக அவர் பார்த்த ஒரே வாய் அதுதான். நர்ஸ் வந்தாலும் டாக்டர் வந்தாலும் கூட்ட வருகிறவள் வந்தாலும் மூக்கும் வாயும் மாஸ்க்குக்குள். கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தரை எப்படி எடை போடுவது, கண் பழகிப்போய்ப் பொய் சொல்லும், வாயோரம் துடிக்கிறதைத்தான் ஒருத்தனாலும் மறைக்க முடியாது. அந்த ஒரு வாயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எடுத்துக்கொண்டாளா, இவர் கொடுத்தாரா. கொடுத்தது எங்கே, அவள்தான் கேட்கவே இல்லையே.

கேட்டாள். தினமும் கேட்டாள். கேட்கிற மாதிரிக் கேட்கவில்லை. முதல் நாள் அவளைப் பார்த்ததும் இவருக்கு வந்தது எரிச்சல்தான். காசநோய், அதுவும் சாதாரண மாத்திரைக்கு மசியாத வகை, மாசக்கணக்கில் மருந்து, சளியில் கிருமி இல்லாமல் போகிற வரைக்கும் கதவைச் சாத்திய அறை, தலைக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் ராப்பகலாய் மாவரைக்கிற சத்தம், இதில் பேச்சுத் துணைக்கு ஒரு டேப்பு. ‘பேசுனா சீக்குப் போயிருமா அம்மிணி? பேச்சுத்தான் எனக்குப் பொழப்பு. எனக்கே பேச்சு விக்க வந்துட்டீங்களா?’ என்றார். அவள் சிரித்தாள், இடது பக்கம் பல் மேல் பல். ‘விக்கலை ஐயா, சும்மாதான் தர்றேன்.’ பதில் பிடித்திருந்தது, பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. பேரைச் சொன்னாள், காதில் வாங்கிக்கொள்ளவில்லை, எதிராளியின் பேர் தெரிந்தால் மனசு இளகும், அம்மிணி போதும். அவளுக்குப் பின்னால் குக்கர் கத்தியது, மூன்று விசில், பருப்பு என்று நினைத்தார். அப்புறம் கேட்டாள், ‘உங்க பயத்துக்கு ஒரு நம்பர் குடுங்க ஐயா. பயமே இல்லைன்னா சைபர். தாங்கவே முடியலைன்னா பத்து. பத்துக்கு எத்தனை?’ பத்துக்கு எத்தனை. முப்பத்தெட்டு வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவனிடம் போய் எண் கேட்டால் என்ன ஆகும். உள்ளே இருந்தது ஒன்பது. முதல் ராத்திரியே தெரிந்துவிட்டது ஒன்பது என்று. ஆனால் ஒன்பது என்று எவன் சொல்லுவான். வாய் தானாகத் திறந்து அஞ்சு என்றது. அஞ்சு என்றால் அவள் பத்து என்பாள், இவர் ஆறு என்பார், இழுத்து இழுத்து எட்டில் நிற்கும், எட்டுக்கும் ஒன்பதுக்கும் என்ன பெரிய தூரம், படிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அவள் குனிந்து எழுதினாள். ‘அஞ்சு. சரிங்க ஐயா.’ அவ்வளவுதான். சரிங்க ஐயா.

சந்தையில் வாய்க்கு மரியாதை கிடையாது. வியாழக்கிழமை விடிந்தால் அத்தனை பேர் வாயும் கத்தும், மாட்டின் பல்லைப் பிடித்துக் கத்தும், சுழியைக் காட்டிக் கத்தும், அது சுற்றி நிற்கிறவனுக்காக. நிசமான பேச்சு துண்டுக்கு அடியில். இந்தக் கை, மாட்டு வியாபாரி காசிம் ராவுத்தருடைய கை, மேலே ஒரு துண்டு. முழுக் கையையும் பிடித்தால் அஞ்சு, விட்டுவிட்டு மறுபடி எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை கூட. ராவுத்தர் வாய் ‘இந்தக் கெழட்டு மாட்டுக்கா, போவியா’ என்று திட்டிக்கொண்டிருக்கும், விரல் ‘சரி, இன்னும் ஒண்ணு ஏத்திக்க’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவருடைய உள்ளங்கை காய்ந்து கதகதவென்று இருக்கும், சுண்டு விரலில் வெள்ளி மோதிரம். ஆளின் அவசரம் விரலில் தெரியும், பொண்ணுக்குக் கல்யாணமா, வட்டிக்காரன் வாசலில் நிற்கிறானா, எல்லாம் விரல் நுனியின் துடிப்பில் தெரியும். பொண்டாட்டியின் கையைவிட ராவுத்தரின் கையைத்தான் அதிகம் பிடித்திருக்கிறார், பாவாயியே சொல்லிக் காட்டுவாள், ‘நானும் மேல ஒரு துண்டப் போட்டுக்கறனுங், அப்பவாச்சும் நெசம் வருதான்னு பாக்கலாம்.’ அந்தக் கை இல்லாமல், துண்டு இல்லாமல், கண்ணாடிப் பலகைக்குள் இருக்கிற ஒருத்தியிடம் வாயை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது. சொல்லிப் பார்த்தார். அஞ்சு படியவில்லை. எதிராளி ஏற்றவில்லை என்றால் தரகன் என்ன செய்வான், கையை உருவுகிற மாதிரி உருவுவான், எண்ணை இன்னும் இறக்குவான், ரோசத்தில் எதிராளி எட்டிப் பிடிப்பான். இறக்கினார். நாலு. அவள் முகம் மலர்ந்தது. ‘ரொம்ப நல்ல முன்னேற்றம் ஐயா.’ அடப் பாவி. மூன்று. ‘மூச்சுப் பயிற்சி வேலை செய்யுது பாருங்க.’ அவர் ஒரு நாளும் செய்ததில்லை அந்த மூச்சுப் பயிற்சியை. செய்யாமலே மூன்று. போன வெள்ளி கோபத்தில் ‘ரெண்டுனு போட்டுக்குங்க’ என்றார், போட்டுக்குங்க என்று எவனாவது சொன்னால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா, அவள் போட்டுக்கொண்டாள். ‘இனி தினமும் தேவையில்லை ஐயா, பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை பேசுவோம். உங்களைவிடக் கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு இந்த நேரத்தைக் குடுத்துடலாம், இல்லையா. நடுவுல வேணும்னா கீழே இருக்கிற பச்சைப் பட்டனைத் தொடுங்க, நானே வருவேன்.’ ‘தாராளமாக் குடுங்க’ என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிற மாதிரி.

பத்து நாற்பத்தெட்டு. சுவர்க் கடிகாரத்தின் முள் இந்த அறையில் மட்டும் நொண்டுகிறது. நொண்டி. நொண்டியை மறைப்பதற்கு ஒரு வழி உண்டு, மாட்டை மேட்டுப் பக்கம் நிறுத்தி வைத்து வாங்குகிறவனைப் பள்ளத்தில் நிற்க வைக்க வேண்டும், அவர் செய்திருக்கிறார், எல்லாரும் செய்வார்கள், பழுதை வாயால் சொல்லி விற்றவன் சந்தையில் நிலைத்தது கிடையாது. உள்ளதை உள்ளபடி சொன்னால் என்ன ஆகும் என்று பதினேழு வயதில் பார்த்தாகிவிட்டது. அப்பன் செத்துப்போன வருஷம், வீட்டில் மிச்சம் இருந்தது அம்மாவின் எருமை ஒன்று, ஓட்டிக்கொண்டு தனியாகப் போனார். மீசைக்காரன் ஒருத்தன் தோளில் கை போட்டு, ‘ஏன் கண்ணு, மனசுல என்ன வெச்சிருக்கறே, சும்மா சொல்லு’ என்றான், அப்பன் கை போட்ட மாதிரியே இருந்தது, மனசில் வைத்திருந்த விலையைச் சொல்லிவிட்டார். அவன் சிரிக்கக்கூட இல்லை. பாதியாக வெட்டிப் பேசினான், பொழுது சாயும்வரை வேறு எவனையும் அண்டவிடவில்லை, பாதிக்கே போயிற்று எருமை. விற்றவன் தும்புக் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பதால் அதை மட்டும் அவிழ்த்துக்கொண்டு நடந்தார், வெறும் கயிறு, ஏழு மைல். அம்மா கயிற்றை வாங்கி ஆணியில் மாட்டினாள். எத்தனைக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டு ஒரு அறை அறைந்திருந்தால்கூட அன்றோடு போயிருக்கும். கேட்காமல் மாட்டினாள், அந்தக் கயிறு நாற்பது வருஷமாகத் தொங்குகிறது, இந்த அறைச் சுவரில் டேப்பு தொங்குகிற இடத்தில்தான் தொங்குகிறது. இவளும் அப்படித்தான். எழுதிக்கொண்டாள், மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவளிடம் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. அதை நினைக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனை எண்ணலாம், இறக்கை நாலா அஞ்சா, ஓடும்போது தெரியாது. மாத்திரை உடம்பைக் கறுக்கவைத்திருக்கிறது, முழங்கைக்குக் கீழே அடுப்புக் கரி மாதிரி, அதைச் சொல்லிவிட்டார், அது எல்லாருக்கும் தெரிகிற பழுது. இது தெரியாத பழுது. பத்து நாளைக்கு முன்னால் காலில் செருப்புக் கழன்றது தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் செருப்பு கட்டிலடியில் கிடக்கிறது. அப்புறம் ஒரு காலையில் மாத்திரை அட்டையைப் பிதுக்கினார், மாத்திரை விழுந்துவிட்டது, விரல் இன்னும் பிதுக்கிக்கொண்டே இருந்தது. விரலுக்குச் சேதி போகவில்லை. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துப் போட வேண்டியிருக்கிறது. மருந்து செய்கிற வேலை. ஜெபராணி சிஸ்டர் தினமும் கதவருகில் நின்று கேட்கத்தான் செய்கிறாள், தெற்கத்திக்காரி, ‘அண்ணாச்சி, கை காலு மதமதன்னு இருக்கா? மறைக்காமச் சொல்லணும், மறைச்சா நரம்பு போயிரும், அப்புறம் திரும்பாது பாத்துக்கிடுங்க.’ ‘ஒண்ணும் இல்லீங் சிஸ்டர். கல்லு மாதிரி இருக்கறன்.’ கல்லு மாதிரிதான். சொன்னால் அடுத்த நிமிஷம் இந்த வார்டு முழுக்கத் தெரியும், வார்டுக்குத் தெரிந்தால் சந்தைக்குத் தெரியும், ராவுத்தர் துண்டை விரிக்கும்போது ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடி போதும் ஒரு தரகன் சாக. மாரப்பனுக்கு விரல் செத்துப்போச்சாம். இந்த நோயில் செத்தாலும் பரவாயில்லை, அது வேறு, அதற்கு இப்போது பயம் மூன்றுதான். மிச்சம் ஆறும் விரலுக்கு.

அதனால்தான் நேற்றுச் சாயங்காலம் கத்தினாரா. கத்தின காரணம் சாம்பாரில் உப்பு இல்லை என்பது. தட்டைத் தள்ளிவிட்டு, ‘இதுக்கு மேல ஒரு நாளும் இருக்க மாட்டன், வீட்டுக்குப் போறன், வியாழக்கெழம சந்தையிருக்குது, ஆரு தடுக்கறீங்கன்னு பாக்கறன்’ என்றார். சந்தையில் கோபித்துக்கொண்டு மூன்று எட்டு நடந்தால் பின்னாலிருந்து குரல் வரும், எந்த மாட்டுக்காரனும் மூன்று எட்டுக்கு மேல் நடக்க விட்டதில்லை, ‘அட வாய்யா, இரு, பேசுவோம்’ என்று வரும். ஜெபராணி தட்டை எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள், ‘போறதுன்னா போங்க அண்ணாச்சி, கட்டியா போட்டு வச்சிருக்கு. சொந்தப் பொறுப்புல போறேம்னு ஒரு கையெழுத்து. டாக்டர் நாளைக்கிப் பன்னெண்டு மணிக்கு வருவாரு.’ காலையில் மாத்திரையோடு சேர்த்து அந்தத் தாளும் வந்துவிட்டது. தண்ணீர்ப் பாட்டிலுக்கு அடியில் இருக்கிறது, காற்றில் ஓரம் படபடக்கிறது. பன்னிரண்டு மணி. கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கே போவது, வீட்டில் மகளுடைய குழந்தை இருக்கிறது, பதினோரு மாசம், எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற வயசு, இவருடைய மூக்கைப் பிடித்துக் கடிக்க வருகிற வயசு. ஞாயிற்றுக்கிழமை பாவாயி அதைத் தூக்கிக்கொண்டு வந்து கீழே புங்கமரத்தடியில் நின்றாள், இவர் மேல்மாடி ஜன்னலில், நடுவில் கம்பி வலை. போனில் பேசினாள், ‘ஏனுங், சாப்டீங்களா, மூஞ்சி ஏனுங் இப்பிடி.’ ‘சும்மா இருக்கறன், வெயிலு மூஞ்சியில அடிக்குது.’ ‘வெயிலே இல்லீங்களே.’ அவளிடமும் வாய்தான். குழந்தை கையை ஆட்டியது, இவரைப் பார்த்தா மரத்திலிருந்த காக்கையைப் பார்த்தா, தெரியவில்லை. அந்த வீட்டுக்குள் இந்த இருமலோடு போக முடியாது. மாத்திரையைப் பாதியில் விட்டால் அடுத்த முறை எந்த மாத்திரைக்கும் அடங்காது என்று டாக்டர் வரைந்தே காட்டியிருக்கிறார். தெரியும். எல்லாம் தெரியும். ஆனால் சொன்ன சொல்லை இவராகத் திருப்பி வாங்க முடியாது, யாராவது கூப்பிட வேண்டும், அட வாய்யா, இரு. யாரும் கூப்பிடவில்லை. டேப்பும் கூப்பிடவில்லை. இரண்டு இடத்திலும் மூன்று எட்டுத் தாண்டிவிட்டார்.

பத்து ஐம்பத்தாறு. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்தார். ஏன் என்று தெரியவில்லை. ஈரத் துண்டு, ஆஸ்பத்திரிச் சோப்பு நாற்றம், சந்தைத் துண்டில் சாணியும் புகையிலையும் வாசம் வரும். இரண்டு கையையும் அடியில் விட்டார். இடது கை ராவுத்தருடையது என்று வைத்துக்கொண்டார். பத்துக்கு எத்தனை, ராவுத்தரே. வாயால் சொல்ல வராதது கையால் வருகிறதா பார்ப்போம், யாரும் பார்க்கவில்லை, சுற்றி ஒரு ஈ இல்லை. முழுக் கையையும் ஒரு பிடி, அஞ்சு. விட்டார். இப்போது நாலு விரல். கட்டை விரலை விட்டுவிட்டு நாலு. பிடித்தார். பிடித்தாரா. எத்தனை விரல் இருக்கிறது இந்தப் பிடிக்குள், மூன்றா, நாலா. அழுத்தினார். பஞ்சு மூட்டையைப் பஞ்சு மூட்டையால் அழுத்துகிற மாதிரி. சுண்டு விரல் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா. முப்பத்தெட்டு வருஷத்தில் எவனும் இந்தக் கையை ஏமாற்றியதில்லை, எதிரில் இருப்பவனுடைய பெண்ணின் கல்யாணத் தேதிவரைக்கும் எடுத்துச் சொன்ன கை, தன் விரலையே தனக்குச் சொல்லமாட்டேன் என்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை. அஞ்சு. அப்புறம். அப்புறம் ஒன்றுமில்லை. துண்டை எடுத்துப் பார்த்தார். மூன்று விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது கை. எட்டு. தன்னிடமே ஒன்று குறைத்துச் சொல்லியிருக்கிறது.

சிரிப்பு வந்து அது இருமலாகி, இருமல் அடங்கியபோது கண்ணில் நீர் நின்றது. எழுந்து டேப்புக்கு முன்னால் போனார். முதலில் கையை நீட்டுகிறவன் தோற்றவன். இது தெரியாதவனுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தோற்றுத்தான் தெரிந்துகொள்கிறான், இவரும் தோற்றுத்தான் தெரிந்துகொண்டார். பச்சைப் பட்டன் கீழே ஓரத்தில், புங்கந்துளிர் நிறத்தில். விரலை வைத்தார். தொட்டது தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மணி அடித்தது, ஒன்று, இரண்டு, மூன்றாவதில் வைத்துவிடலாம், மூன்று எட்டு, இவர் காலைத் தரையில் ஊன்றி நின்றார், நாலு, ஐந்து. திரை வெளிச்சமானது. பச்சைத் திரைச்சீலை. அவள் தலைக்கு எண்ணெய் வைத்து முடியை உச்சியில் சுருட்டியிருந்தாள், வாயில் எதையோ மென்று அவசரமாக விழுங்கினாள்.

‘ஐயா, சொல்லுங்க. என்ன ஆச்சு?’

‘என்ன ஆச்சா. எல்லாம் நீங்க பண்ணுனதுதான்,’ என்றார் மாரப்பன். திட்டத்தான் வந்தார், திட்டுவதற்கு எத்தனையோ வைத்திருந்தார். ‘நீங்க என்னத்தப் படிச்சீங்க. ஒரு மனுசன் அஞ்சுன்னா அப்பிடியே எழுதிருவீங்களா. சும்மா நாலுன்னா அதையும் எழுதிருவீங்களா. என்ற மூஞ்சியப் பாத்தீங்களா, ரெண்டுங்கிற மூஞ்சியா இது. மாடு புடிக்கிறவனுக்கு இருக்கற...’ அதற்கு மேல் வார்த்தை வேறு பக்கம் போய்விட்டது. இரண்டு கையையும் திரைக்கு முன்னால் தூக்கிக் காட்டினார், கறுத்த கை, விரல் பத்தும். ‘வெரலு தெரியலீங் அம்மிணி.’

அவள் வாயோரம் ஒரு தரம் துடித்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘எத்தனை நாளா ஐயா?’

‘பத்து நாளா.’

‘டாக்டர்கிட்ட...’

‘பழுத எவனாச்சும் அவனே சொல்லுவானா.’

‘சொல்லிட்டீங்களே இப்போ.’ அவள் பக்கத்தில் இருந்த போனை எடுத்தாள். ‘டாக்டருக்கு உடனே சொல்லணும், அந்த மாத்திரையை நிறுத்தணுமா குறைக்கணுமான்னு அவர் பார்ப்பார். சீக்கிரம் சொன்னா நிறையப் பேருக்குத் திரும்பி வந்திருக்கு. எல்லாருக்கும் வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஐயா, ரெண்டுன்னு சொன்னது...’

‘இருங்க.’ பாட்டிலடியில் தாள் படபடத்தது. மணி பதினொன்று. வழக்கமான நேரம்தான் என்று ஒரு நினைப்பு ஓடியது. ‘டாக்டர் பன்னெண்டுக்கு இங்கயே வர்றாரு, நானே காட்டறன் கைய. நீங்க மொதல்ல உங்க வேலையச் செய்யுங்க. அந்த நோட்ட எடுங்க.’

‘எந்த நோட்டு?’

‘மொத நாளு எழுதுனீங்களே.’

அவள் குனிந்தாள். தாள் புரளும் சத்தம் கேட்டது. ‘எடுத்துட்டேன். அஞ்சுன்னு இருக்கு.’

‘அத அடிங்க.’

‘ஐயா?’

‘பேனா வெச்சு அடிங்கங்கறன். அதுக்குக் கீழ இருக்கற நாலு, மூணு, ரெண்டு, எல்லாத்தையும் அடிங்க. அது ஒண்ணுகூட எனக்குள்ள இருந்த எண்ணு இல்ல, நீங்களா ஏத்திக் கேப்பீங்கன்னு நானா எறக்குனது. அடிச்சீங்களா. காட்டுங்க.’ அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள், கோடு கோணலாக ஓடியிருந்தது, அவர் அதை ஒரு மாட்டின் பல்லைப் பார்க்கிற மாதிரிக் கிட்டே போய்ப் பார்த்தார். ‘ஆங். இப்ப மொதல்ல இருந்து கேளுங்க. பத்துக்கு எத்தனைன்னு கேளுங்க. நான் வாயத் தொறந்து மொதல்ல என்ன சொன்னாலும் எழுதாதீங்க, இல்லீன்னு சொல்லுங்க, திரும்பக் கேளுங்க. நாளைக்கும் கேளுங்க. நாளான்னிக்கும் பதினோரு மணிக்கு வந்து கேளுங்க. நான் கைய உருவுனாலும் உடாதீங்க. கேளுங்க அம்மிணி.’